பலகை பிடிக்கும் கை

மானாமதுரையில் மண்பாண்டம் செய்பவர்களின் தெருவுக்குள் போனால், எந்த வீட்டில் கடம் செய்கிறார்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்ற வீடுகளில் தட்டும் சத்தம் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். கடம் செய்யும் வீட்டில் அது காலையில் தொடங்கி வெயில் சாயும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

சமையல் பானைக்குச் சுவர் மெலிதாக இருந்தால் நல்லது, சீக்கிரம் சூடேறும். கடத்துக்குத் தடித்த சுவர் வேண்டும். தடித்திருந்தால் மட்டும் போதாது, கழுத்துக்குக் கீழே எங்கே தொட்டாலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். சக்கரத்திலிருந்து இறங்கும்போது பானைக்கு வாயும் கழுத்தும்தான் முடிவான வடிவத்தில் இருக்கின்றன. ஈரம் பாதி வற்றியதும் அதை மடியில் சாய்த்துக்கொண்டு, உள்ளே ஒரு கையால் வழுவழுப்பான கல்லை அணை கொடுத்து, வெளியே மறு கையால் மரப்பலகை கொண்டு தட்டுகிறார்கள். தட்டி நிழலில் வைக்கிறார்கள். மறுநாள் எடுத்து மறுபடி தட்டுகிறார்கள். சூளைக்குப் போவதற்கு முன் ஒரு கடம் ஆயிரக்கணக்கில் தட்டு வாங்கியிருக்கும். உள்ளே காற்று தங்கிவிட்டால் வேகும்போது விரிசல் விடும். கனம் ஏறி இறங்கினால், வித்வானின் விரல் இடம் மாறும்போதெல்லாம் நாதமும் மாறும். மிருதங்கத்தின் சுருதியை மேடையிலேயே தட்டிக் கூட்டிக்கொள்ளலாம். வெந்து வந்த கடத்தின் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. அது எத்தனை கட்டைக்கு நிற்கப்போகிறது என்பது இந்த வீட்டிலேயே, பச்சை மண்ணாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

நான் போன வீட்டில் பலகை பிடித்திருந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சக்கரத்தில் அவர் கணவர். திண்ணையை ஒட்டிய நிழலில் மகன் இன்னொரு பானையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். இந்த மகனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆணுக்கு ஏற்ற வேலை, பெண்ணுக்கு ஏற்ற வேலை என்று பிரித்துப் பேசுபவர்கள் எப்போதும் உடம்பைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள். தோள் பலம், விரல் மென்மை, பொறுமை, கண் கூர்மை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உறுப்பு. அந்தக் காரணம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் நான் இந்தத் தெருவுக்கு வந்தேன். கடம் இதற்குப் பொருத்தமான பொருள் என்று தோன்றியதற்குச் சுகன்யா ராம்கோபால்தான் காரணம்.

திருவல்லிக்கேணியில் டி.ஆர். ஹரிஹர சர்மாவின் தாளவாத்தியப் பள்ளியில் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த சிறுமி அவர். அங்கே விக்கு விநாயக்ராம் வாசித்ததைக் கேட்டுக் கடம் கற்க ஆசைப்பட்டார். பெண்பிள்ளை விரலுக்கு அது தாங்காது என்று விநாயக்ராம் தயங்கினார். அவருடைய தந்தை ஹரிஹர சர்மா, நான் கற்றுத்தருகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் கட வித்வான்களின் வரிசையில் முன்னோடிப் பெண்ணாக அமர்ந்தார். பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மாட்டோம் என்று மிருதங்கக்காரர்கள் சிலர் ஒதுங்கியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1995இல் பெண் கலைஞர்களை மட்டும் கொண்டு ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்ற குழுவைத் தொடங்கினார். வெவ்வேறு சுருதியில் நிற்கும் பல கடங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு ராகமே வாசிப்பார்.

மேடையில் இருக்கும் கடம் பெண் விரலுக்குக் கடினம் என்று ஒரு காலம் நினைத்தது. அதே கடத்தை மடியில் கிடத்தி அந்தக் கடினத்துக்குக் கொண்டுவந்த கை மானாமதுரையில் ஒரு பெண்ணின் கை. இது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கையைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

பார்த்தேன். பெருவிரல் அடியில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. கல் பிடிக்கும் இடக்கையின் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார்.

“தூக்கிப் பாரு தாயி,” என்று வெந்த கடம் ஒன்றைக் காட்டினார். இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க முடிந்தது. சென்னையில் செய்யும் கடங்கள் எடை குறைந்தவை, விரலுக்கும் இதமானவை என்பார்கள். மானாமதுரைக் கடத்துக்கு எடையும் உண்டு, தட்டினால் உலோகம் போன்ற ஒரு கணீரும் உண்டு. அந்த எடையைப் பச்சை மண்ணின் ஈரத்தோடு சேர்த்து நாள் முழுக்க மடியில் உருட்டுகிறார் இந்த அம்மா. இந்த வேலைக்குத் தோள் பலம் வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒரு முற்பகல் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

“சக்கரத்துல நீங்க உக்காந்தது உண்டாம்மா?” என்றேன்.

“அது அவுக வேலை. எங்க மாமியா காலத்துல பொம்பளைக சக்கரத்தைத் தாண்டி நடக்கவே விட மாட்டாக. சாமி இருக்க இடம் மாதிரி.”

பெரியவர் தலையை நிமிர்த்தாமலே விளக்கம் சொன்னார். “அந்தக் காலத்துச் சக்கரம் நல்ல கனம்மா. கம்பை ஊண்டிச் சுத்தி விடணும். வேகம் கொறையறதுக்குள்ள மண்ணை எழுப்பணும். நெஞ்சுல பலமிருந்தாத்தான் ஆகும்.”

சொன்னபோது அவர் முன்னால் சுழன்றுகொண்டிருந்தது மோட்டார் சக்கரம். பித்தானைத் தட்டினால் ஓடும், தட்டினால் நிற்கும். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரும் அதைப் பார்த்தார். “இப்ப பலத்துக்கு ஒண்ணுமில்லதான். பழக்கம் அப்படி ஆயிப்போச்சு,” என்றார். மறைக்காமல் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இந்த விஷயத்தைப் பற்றி மேடைகளில் பேசும் பலரிடம் அது இருப்பதில்லை.

பழக்கம் என்று ஒதுக்கிவிட்டால் மட்டும் போதாது. அந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். அதைப் பலகையைக் கீழே வைக்காமல் அந்த அம்மாதான் சொன்னார்.

“மூணு புள்ளைக எனக்கு. கைப்புள்ள அழுதா பலகையை வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். பால் குடுத்து, ஒறங்கப் போட்டுட்டு வந்து விட்ட எடத்துல தட்டலாம். சக்கரத்துல ஏத்துன மண்ணை அப்படி விட்டுட்டுப் போக முடியுமா? சாஞ்சு போகும்ல.”

மானுடவியலாளர் ஜூடித் பிரவுன் 1970இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றின் வாதமும் ஏறத்தாழ இதுதான். இடையில் விட்டுவிட்டுத் திரும்ப வந்து தொடரக்கூடியது, குழந்தைக்கு ஆபத்து இல்லாதது, வீட்டை விட்டு அதிக தூரம் போக வேண்டாதது. இத்தகைய வேலைகளே உலகம் முழுக்கப் பெண்களிடம் சேர்ந்திருக்கின்றன என்றார் அவர். பெண்ணால் எது முடியும், எது முடியாது என்ற கேள்வியே அதில் இல்லை. குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மானாமதுரை அம்மா அந்தக் கட்டுரையைப் படித்தவர் இல்லை, அதன்படி வாழ்ந்தவர்.

நான் இந்த விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அது எவ்வளவு காலத்துக்குச் செல்லும்? அவருடைய கடைசிப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. கைக்குழந்தை இருந்த சில ஆண்டுகளுக்குப் பொருந்திய ஓர் ஏற்பாடு, குழந்தைகள் வளர்ந்து அவர்களுக்கே குழந்தைகள் பிறந்த பிறகும் அப்படியே நிற்கிறது. காரணம் போய்விட்டது, தடை மட்டும் தங்கிவிட்டது. அப்படித் தங்கிவிட்ட தடைக்குத்தான் பிறகு உடம்பு, பலம், சாமி என்று புதுக் காரணங்களைத் தேடுகிறோம்.

பானை செய்வது ஆணின் வேலை என்று இந்தத் தெருவில் தோன்றுவதும் எல்லா ஊருக்கும் பொருந்தும் பார்வை அல்ல. மர்டாக், ப்ரோவோஸ்ட் என்ற இருவர் 185 சமூகங்களில் எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று தொகுத்து 1973இல் வெளியிட்டார்கள். அதில் பானை செய்தல் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தது. மணிப்பூரில் ஆன்ட்ரோ கிராமத்தில் அது மணமான பெண்களுக்கே உரிய தொழில். அங்கே சக்கரம் கிடையாது. பானை அசையாமல் இருக்கும், பெண்கள் அதைச் சுற்றி வந்து தட்டி உருவாக்குகிறார்கள். அந்த ஊரில் ஓர் ஆண் பானை செய்ய உட்கார்ந்தால் வழக்கத்தை மீறுகிறான். அங்கும் மண் ஒன்றுதான், மனித உடம்பும் ஒன்றுதான். சக்கரமும் சந்தையும் நுழைந்த இடங்களில் இந்தத் தொழில் ஆண்கள் பக்கம் நகர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். காசும் கருவியும் எங்கே போகின்றனவோ, ‘ஏற்ற வேலை’யும் அங்கே போகிறது.

இப்போது மகனிடம் வருகிறேன். மருமகள் சிவகங்கையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. கடத்துக்கு ஆர்டர் வந்தால் தட்ட அவர் ஒருவர் போதவில்லை. அதனால் மகன் தாயிடம் பலகை பிடிக்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு மாமியார் வீட்டிலும் மறுப்பு இல்லை, தெருவிலும் பேச்சு இல்லை. ஆண் விரலுக்கு இந்த நுணுக்கம் வராது என்று ஒருவரும் சொல்லவில்லை. பெண்களின் வேலை என்று இருந்ததை ஓர் ஆண் எடுத்தபோது கதவு தானாகத் திறந்தது. சக்கரத்துப் பக்கம் ஒரு பெண் போனால்தான் நூறு காரணம் எழுகிறது. கோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போடப்படவில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் தட்டும்போது அம்மா அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. காது மட்டும் அங்கே இருந்தது. “கீழ இன்னும் தடிப்பா இருக்குடா,” என்றார். மகன் பானையைத் திருப்பி, அவர் சொன்ன இடத்தைத் தொட்டுப் பார்த்து, மறுபடி தட்டத் தொடங்கினார். இந்த வீட்டில் கடத்தின் சுருதியை முடிவுசெய்யும் காது யாருடையது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் செய்தவர் யார் என்று வெளியே கேட்டால் சொல்லப்படுவது பெரியவரின் பெயர். சென்னையிலிருந்து பேசும் வித்வான் அவரைத்தான் கூப்பிடுவார். மண்பாண்டத் தொழிலாளர் வாரிய அட்டை அவர் பெயரில் இருக்கிறது. “நான் ஒத்தாசைக்குத் தட்டுறேன்,” என்று அந்த அம்மாவே சொன்னபோதுதான் எனக்கு உண்மையாகவே மனம் கசந்தது. நாள் முழுக்கச் செய்கிற, நாதத்தை உண்டாக்குகிற, வேறு யாருக்கும் முழுதாகக் கைவராத ஒரு வேலைக்கு ஒத்தாசை என்று பெயர். வேலையை ஆண், பெண் என்று பிரிப்பதில் உள்ள பெரிய அநீதி எனக்கு இங்கேதான் தெரிகிறது. யார் எதைச் செய்கிறார்கள் என்பதைவிட, அதில் எதைத் தொழில் என்று கணக்கில் வைக்கிறோம், எதை வீட்டு வேலையோடு சேர்த்து மறக்கிறோம் என்பதில்.

இது மாற முடியாததல்ல. இதே மானாமதுரையில் புகுந்த வீட்டில் தொழிலைக் கற்று, கடம் செய்வதில் பெயர் பெற்ற மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்திருக்கிறது. சுகன்யாவுக்கும் அதே அகாதெமியின் விருது கிடைத்தது. தட்டிச் செய்தவருக்கும் தட்டி வாசித்தவருக்கும் ஒரே சபையில் மரியாதை. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. ஊரின் பெயர் இப்போது சட்டப்படி காக்கப்படுகிறது. அந்த ஊருக்குள் பலகை பிடிக்கும் பெண்கள் தனித்தனியாகத் தொழிலாளிகள் என்று பதிவாக வேண்டும், கடத்தின் விலையில் தட்டுக்கூலி தனியாக எழுதப்பட வேண்டும் என்று கேட்பதில் தவறு என்ன இருக்கிறது?

இதை அம்மாவிடம் கேட்டேன். சக்கரமும் கற்றுக்கொண்டிருக்கலாமே என்றும் சொன்னேன். “இனிமே எனக்கு எதுக்கு? முட்டி மடங்க மாட்டேங்குது,” என்றார். சற்று நேரம் கழித்து, “தட்டுக்கூலின்னு தனியா எழுதுனா நல்லாத்தான் இருக்கும்,” என்றார்.

பள்ளி விட்டு மகள் வயிற்றுப் பேத்தி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பையைத் திண்ணையில் போட்டவள் நேராகச் சக்கரத்துக்கு வந்து தாத்தாவை நகரச் சொன்னாள். கார்த்திகைக்கான அகல்விளக்கு மட்டும் செய்ய அவளுக்கு அனுமதி. ஒரே மண் குவியலின் தலையிலிருந்து ஒவ்வொரு விளக்காக எழுப்பி நூலால் அறுத்து வைத்தாள். ஓரங்கள் கோணவில்லை. தாத்தா கிட்டே நின்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார்.

“கடம் எப்ப தாத்தா?” என்றாள்.

“அதுக்கு வயசு வரணும்,” என்றார் அவர்.

பொம்பளப்பிள்ளைக்கு எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன், அம்மாவும் கவனித்திருக்க வேண்டும்.

“வயசு நாளைக்கே வந்துரும். மொதல்ல வந்து மண்ணை மிதி. கடத்துக்கு எப்படி மிதிக்கணும்னு நான் சொல்லித் தாரேன்,” என்றார் பேத்தியைப் பார்த்து. அவள் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். மகன் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவர எழுந்தார்.