விற்காமல் விட்ட வயல்

2018 ஒக்டோபர் மாதத்தில் ஒரு மாலை. ஆசிரியபீடத்தில் அமர்ந்து மறுநாள் பத்திரிகைக்கான வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. உடலின் நோயெதிர்ப்புச் சக்திக்குத் தடைகள் உண்டு; அத்தடைகளை விலக்கிவிட்டால் உடலே புற்றுநோயை எதிர்த்துப் போரிடும் என்பதே அவர்கள் திறந்துவிட்ட வழி. செய்திக்கு நான் இட்ட தலைப்பு, "புற்றுநோய்க்கு விடிவு பிறந்தது". நான் இட்ட தலைப்புகளில் பெரும்பாலானவை மறுநாளே மறந்துபோயின. இது மட்டும் ஐந்து வருடங்களின் பின்னர் என் வீட்டு வாசலைத் தேடி வந்தது.

2023 தை மாதத்தில் களுவாஞ்சிக்குடியிலிருந்த என் மூத்த அக்காவுக்கு இருமல் தொடங்கியது. ஊர் ஆதார வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்ரேயிலிருந்து மட்டக்களப்புக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் போய் வந்தபோது, இரண்டு நுரையீரல்களிலும் பரவிவிட்ட புற்றுநோய் என்று உறுதியாயிற்று. அக்கா வாழ்நாளில் ஒரு பீடியையும் தொட்டவரல்லர். அத்தானோ நாற்பது வருடம் சுருட்டும் கையுமாகத் திரிந்து, எண்பது வயதில் வேறு நோயில் போனவர்.

ரொறன்ரோவிலிருந்து மருமகன் அழைத்தான். என் பழைய செய்தியின் படத்தை அனுப்பிவிட்டு, "மாமா, இது நீங்க எழுதினதுதானே? அம்மாவுக்கு இந்த ஊசியைப் போடுவம்" என்றான். ஒரு தடவைக்கான விலையே ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். அதையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், படுவான்கரையில் அக்காவுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. எங்கள் பக்கத்தில் காணி பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போவது. அம்மா அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா தன் மகளுக்காக வைத்திருந்தார். மகளோ ஒரு கணமும் தயங்கவில்லை. "அம்மாவை விட வயலா பெரிசு?" என்றாள். வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டார்.

கொழும்பில் அக்காவைப் பார்த்த இளம் புற்றுநோய் வைத்தியர்தான் எங்களைத் தடுத்தார். "ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் கட்டியிடம் சில கேள்விகள் கேட்கவேண்டும்" என்றார். எடுத்த திசுவின் ஒரு துணுக்கு ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. மூன்று வாரக் காத்திருப்பு. காணி வாங்க வந்தவர் இருமுறை தொலைபேசியில் அவசரப்படுத்தினார்.

அறிக்கையின் முதற்பக்கம் மருமகனைத் துள்ளவைத்தது. பிடி-எல்1 என்ற புரதம் அக்காவின் புற்றுக் கலங்களில் அறுபது சதவீதத்தில் இருந்தது. நோயெதிர்ப்புக் கலங்களை 'அருகே வராதே' என்று நிறுத்திவைக்க, புற்றுக் கலம் காட்டும் கொடி அது. அந்த ஊசி வேலை செய்வதே அந்தத் தடையின்மீதுதான். கொடி அதிகமென்றால் ஊசி பலிக்கும் வாய்ப்பும் அதிகம் என்பது பொதுவிதி. 2016இல் வெளிவந்த கீநோட்-024 என்ற ஆய்வில், ஐம்பது சதவீதத்துக்கு மேல் இப்புரதம் கொண்டிருந்த 305 நோயாளர் சேர்க்கப்பட்டனர். பெம்புரோலிசுமாப் ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் ஐந்து வருடங்களின் பின்னரும் உயிரோடிருந்தனர். கீமோதெரபியோடு தொடங்கியவர்களில் அது 16 சதவீதம். மருமகன் இந்த எண்களை மனப்பாடமாகச் சொன்னான்.

வைத்தியர் பக்கத்தைப் புரட்டினார். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. "நீங்கள் சொல்லும் ஆய்வில் உங்கள் அம்மாவைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். இந்த மாற்றம் உள்ளவர்களை அதில் விலக்கியிருந்தார்கள்" என்றார். தொலைபேசியின் மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

அதன் பின்னர் பல இரவுகள் நான் படித்தேன். பல வருடங்களாகப் புகைத்தவரின் கட்டியில் மரபணு மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்துகிடக்கும். அவற்றால் உருவாகும் விகாரப் புரதங்களை உடல் அந்நியன் என்று அடையாளம் காண்பது எளிது. தடையை விலக்கியதும் பாய்கிறது. புகைக்காதவரின் கட்டியிலோ மாற்றங்கள் சில. பெரும்பாலும் ஒரேயொரு மாற்றமே கட்டியை ஓட்டிச்செல்கிறது. உடலின் கண்ணுக்கு அது சொந்தப் பிள்ளைபோலவே தெரிகிறது. தடையை விலக்கினாலும் அடிக்க ஆள் தெரிவதில்லை. சுருட்டுக் குடித்த அத்தானுக்கு இந்நோய் வந்திருந்தால், இந்த ஊசி பலித்திருக்கும் வாய்ப்பு அக்காவைவிட அவருக்கே அதிகம். நியாயம் என்ற ஒன்றை நோயிடம் எதிர்பார்க்கக்கூடாது என்று அன்றுதான் விளங்கிற்று.

அக்காவைப் போன்றவர்களுக்கு இந்த ஊசியை முதலில் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும் பிடி-எல்1 புரதமும் ஒருங்கே உள்ள 25 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். பதினொருவரோடு நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்கு மட்டுமே கட்டி சுருங்கியது. அவருடைய திசுவை மீண்டும் சோதித்தபோது, அவருக்கு அந்த மரபணு மாற்றமே இருக்கவில்லை என்றும் முதல் அறிக்கை தவறென்றும் தெரியவந்தது. அக்காவின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன்.

இன்னோர் ஆபத்தும் இருந்தது. ஊசியை முதலில் போட்டுவிட்டு, அது பலிக்காமற் போனபின் ஒசிமெர்டினிப் என்ற மாத்திரைக்கு விரைவில் மாறினால், சிலருக்கு நுரையீரலில் கடும் அழற்சி உண்டாவதை நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் வைத்தியர்கள் 2019இல் எழுதியிருந்தார்கள். எதை முதலில் கொடுப்பது என்பதும் உயிர்ப்பிரச்சினைதான்.

இந்த மாற்றம் எங்களுக்கு அரியதுமன்று. ஐரோப்பிய வழிவந்தோரின் இவ்வகைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருப்பது, இந்தியாவில் நான்கில் ஒருவருக்கும் கிழக்காசியாவில் பாதிப்பேருக்கும் காணப்படுகிறது. இதற்கென மாத்திரைகள் உள்ளன. கிழக்காசியாவில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, மாற்றம் உள்ளவருக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை மேல், இல்லாதவருக்குக் கீமோதெரபி மேல் என்று தெளிவாகக் காட்டியது. அந்த மாத்திரையே அக்காவுக்கும் தரப்பட்டது. அதன் செலவு மருமகனின் சம்பளத்துக்குள் அடங்கியது. காணி வாங்க வந்தவருக்கு நானே தொலைபேசியில் மறுப்புச் சொன்னேன்.

பின்னொரு நாள் அக்காவின் மகள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள். மரபணுவை எங்கள் பாடப்புத்தகங்களில் 'பரம்பரையலகு' என்றுதான் படித்தோம். "பரம்பரையலகு பழுதெண்டா எனக்கும் வந்திருக்குந்தானே மாமா? குடியும் தாய்வழிதானே நமக்கு?" அவளை வைத்தியரிடமே கூட்டிப்போனேன். இந்த மாற்றம் பிறப்பில் வந்ததன்று, அக்காவின் நுரையீரலில் ஏதோவொரு கலத்தில் பின்னாளில் நேர்ந்தது, பிள்ளைகளுக்குப் போகாது என்று அவர் விளக்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டு வந்தாள். அத்தனை மாதங்கள் அந்த ஒற்றைச் சொல் அவளை வதைத்திருக்கிறது.

ஆறு வாரத்தில் அக்காவின் இருமல் நின்றது. அந்த ஆவணியில் குருமன்வெளித் துறையிலிருந்து படகுப் பாதையில் வாவியைக் கடந்து மண்டூர் முருகன் திருவிழாவுக்குப் போய்வந்தார். அடுத்த வருடம் பெரும்போக நெல் வீட்டுக்கு வந்தபோது மூட்டைகளைத் தாமே எண்ணி வாங்கினார். வயலை விற்க இருந்த கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னோம். "என்னைக் கேளாமலா?" என்று எல்லோரையும் ஏசினார். 2024 ஆவணியில் மாத்திரையின் பலன் குன்றியது. கார்த்திகையில் அக்கா போய்விட்டார்.

ஊசி பொய்யென்று நான் சொல்லவில்லை. அதனால் உயிர் பிழைத்து நடமாடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். யாருக்குப் பலிக்கும் என்பதைச் சொல்லும் குறிகளும் முழுமையானவையல்ல. அந்தப் பெரிய ஆய்வில்கூட, கொடி உயர்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் கட்டி போதியளவு சுருங்கவில்லை. ஆனால் காணியை விற்கப் புறப்படும் குடும்பம் ஒன்று வைத்தியரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "மருந்தின் விலை என்ன?" என்பதன்று. "கட்டியைச் சோதித்தாயிற்றா? எதையெதைச் சோதித்தீர்கள்?" என்பதுதான்.

அன்று நான் இட்ட தலைப்பில் 'சிலருக்கு' என்ற ஒரு சொல் விடுபட்டுப்போயிற்று. இடமில்லை என்று நானேதான் வெட்டினேன். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து அந்த வயல்வரை போகும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.