கணக்குக் கொப்பியும் நான்கு பிளக்கும்

அரபு மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் கார் பிளக்கைப் பற்றி எழுத வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டு, உங்கள் வீட்டுக் காருக்குக் கடைசியாகப் பிளக் மாற்றியது எப்போது என்று ஒரு தரம் விசாரித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

2018ஆம் ஆண்டு. வீட்டுச் செலவை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது என் மனைவியின் வழக்கம். "இஞ்ச பாருங்க, ஓடுறது அதே ஓட்டம்தான். பெற்றோலுக்கு மட்டும் கூடச் சல்லி போகுது" என்றார். விலை ஏறிவிட்டது என்று சொல்லி அவரது வாயை அடைத்தேன். பிறகு காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சுணங்கியது. நிறுத்தி வைத்திருக்கும்போது ஸ்டியரிங் நடுங்கியது. பழைய கார்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒக்டோபரில் ஓரிரவு உம்மாவுக்கு மூச்சு முட்டியது. மாவனெல்லையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டோம். நல்ல மழை. கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் இழுக்க மறுத்தது. குலுங்கிக் குலுங்கி ஒரு வளைவில் நின்றேவிட்டது. பின் சீட்டில் உம்மா மூச்சுக்குத் திணறுகிறார், நான் திரும்பத் திரும்பச் சாவியை முறுக்குகிறேன். அவ்வழியே வந்த ஒரு வேன்காரர்தான் எங்களை ஏற்றிச் சென்றார். உம்மா தேறிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். மனைவி அந்தக் கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

காரை இழுத்துச் சென்ற பிறகு, கராஜ் பாஸ் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். இருட்டில் பிளக் வயரின் மேல் நீலப் பொறிகள் மினுங்கின. பிறகு நான்கு பிளக்கையும் கழற்றிக் கையில் தந்தார். பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள். இடையில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளி. அதைத் தாண்டும் பொறிதான் பெற்றோலை எரிக்கிறது. ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி அகலும். அகல அகல, பொறி பாய இன்னும் கூடிய வோல்ற்று வேண்டும். அந்தச் சுமை வயரின் தலையில் விழுகிறது. எஞ்சின் சூட்டில் வயரின் உறை வெடித்திருந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் பாய்ந்துவிடும். ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். மழையில் நின்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அப்படியானால் எப்போது மாற்றுவது? சாதாரண நிக்கல் முனைப் பிளக் 30,000 கிலோமீற்றர் அளவில். பிளாட்டினம், இரிடியம் முனையுள்ளவை பல கார்களில் 100,000 வரை தாங்கும். வயருக்குப் பொதுவாக 60,000 முதல் 100,000 வரை சொல்வார்கள். உங்கள் காரோடு வந்த புத்தகத்தில் உள்ள கணக்கே முதற் கணக்கு. ஆனால் நான் சொன்ன நடுக்கமும் சுணக்கமும் தெரிந்தால் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய்க் கெட்டலிட்டிக் கொன்வேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலையைக் கேட்டால் பிளக்கின் விலை சில்லறைக் காசாகத் தெரியும்.

புதிய கார்கள் பலவற்றில் வயரே இல்லை, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில் இருக்கும். ஹைபிரிட் காருக்கும் பிளக் உண்டு. "அது கரண்டில் ஓடுற கார்" என்று சொல்லித் தப்பிக்கும் கணவர்களை நம்பாதீர்கள்!

கழற்றிய பிளக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இளங்கபில நிறமென்றால் எஞ்சின் சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் பொறி சரியில்லை, அல்லது பெற்றோல் கூடப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கென்றால் உள்ளே ஒயில் கசிகிறது, அது வேறு செலவு. எங்களுடையதில் மூன்று தேய்ந்து கபிலமாகவும் ஒன்று கன்னங்கரேலென்றும் இருந்தன.

இப்போது மனைவியின் கொப்பியில் கடைசிப் பக்கம் காருக்கு. பிளக் மாற்றிய திகதியும் மீற்றர் கணக்கும் அதில் இருக்கின்றன. போன கிழமை சோறு போட்டுக்கொண்டே, "இன்னும் 1,200 கிலோமீற்றர்தான் இருக்கு" என்றார். சாப்பிட்டுக் கைகழுவியதும் கராஜுக்குக் கோல் எடுத்தேன்.