சட்டை போட்ட கரடி

சிறு வயதில் மனத்தில் பதிந்த படம் எளிதில் அழியாது. எனக்கு அப்படிப் பதிந்தவை, ஆயா வீட்டுப் பரணில் இருந்த பழைய அம்புலிமாமா இதழ்கள். 1947-இல் தொடங்கி 2013-இல் நின்றுபோன இதழ் அது. ஆயா நூல் போட்டுத் தைத்து வைத்திருந்த தொகுப்பில்தான் பேசும் நரியையும் யோசனை சொல்லும் காகத்தையும் கண்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே, படத்தைப் பார்த்து, “இது தந்திரக்கார நரி” என்று சொல்லிவிடுவேன்.

சென்ற ஆண்டு குழந்தைகள் தினத்திற்காக, முதல் வகுப்புச் சுவரில் ஒட்ட ஒரு படம் வரையும்படி சிஸ்டர் கூறினார்கள். நான் கரடி வரைந்தேன். சிவப்புச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் தேன் குடம், வாய் நிறையச் சிரிப்பு! எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி.

“நல்லா இல்லையா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கரடி இல்லடி. கரடி முகம் வச்ச மனுஷன்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து என் அருகில் அமர்ந்தாள். அவளுடைய தாத்தா கடுக்காய் பொறுக்கப் போனபோது, புதரிலிருந்த கரடி அவர்மேல் பாய்ந்துவிட்டதாம். ஒரு பக்கக் கன்னமே சிதைந்துபோயிற்றாம்.

“ஆனா தாத்தா கரடியைத் திட்டமாட்டாரு. அதுக்குக் குட்டி இருந்துச்சு, நான்தான் சத்தம் காட்டாமக் கிட்டப் போயிட்டேன்னு சொல்லுவாரு” என்றாள்.

நான் தலைகுனிந்தேன். பிறகு அவள் கரடியைப் பற்றி நிறையச் சொன்னாள். நீண்ட நகத்தால் புற்றைப் பிளந்து, கரையானை உறிஞ்சித் தின்னுமாம். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியுமாம்.

அந்த வாரம் நூலகத்தில் பீட்டர் என்னும் முயலின் கதையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அது இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற அம்மையார் எழுதிப் படமும் வரைந்து, 1902-இல் வெளிவந்த நூல். அவர் வீட்டில் முயல் வளர்த்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். பீட்டர் நீலச் சட்டை அணிந்த முயல். தோட்டக்காரர் துரத்தும்போது அதன் காலணிகள் தொலைகின்றன. உடனே நான்கு காலால் இன்னும் வேகமாக ஓடுகிறது. பித்தளைப் பொத்தான் வலையில் மாட்டிக்கொள்ள, சட்டையையும் உதறிவிட்டுத் தப்புகிறது. முன்பு இதையெல்லாம் வேடிக்கையாகவே படித்தேன். இப்போதுதான் புரிந்தது. சட்டை மனிதர் கொடுத்தது. அந்த ஓட்டம் முயலுக்கே உரியது. பாட்டர் அம்மையார் இரண்டையும் அறிந்திருந்தார். நானோ சட்டையை மட்டுமே அறிந்திருந்தேன்.

மறுபடி வரைந்தேன். தோழி அருகில் அமர்ந்து நகத்தின் நீளம் முதல் திருத்தினாள். முதுகில் குட்டியோடு செல்லும் தாய்க்கரடியை, சட்டை போட்ட கரடியின் பக்கத்திலேயே ஒட்டினோம். முதல் படத்தைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள், இரண்டாவதன் முன் நின்றுவிட்டார்கள்.

“அக்கா, அந்தக் குட்டி கீழ விழுந்துடாதா?” என்று ஒரு சிறுமி கவலையோடு கேட்டாள்.

“விழாதும்மா, முடியைக் கெட்டியாப் புடிச்சுக்கும்” என்றாள் என் தோழி.

அன்புத் தோழியரே, விலங்குகளுக்குச் சட்டை போட்டு மகிழ்வோம், அதில் தவறில்லை. ஆனால் சட்டைக்குள் இருக்கும் உயிரையும் ஒரு முறை உற்றுப் பார்ப்போம். அறியாததை அறிந்தவரிடம் கேட்க வெட்கப்படாதிருப்போம்!