எப்பிங் காடு யாருக்குச் சொந்தம்?

லண்டன் நகரைப் பார்த்துத் திரும்புகிறவர்களிடம் அங்கே கண்ட அதிசயம் என்னவென்று கேட்டால், தேம்ஸ் நதியின் பாலங்களையும், அரண்மனை வாசலில் சிவப்பு அங்கி தரித்து நிற்கும் காவலர்களையும், பொருட்காட்சி சாலைகளையும் பற்றிச் சொல்வார்கள். நாம் இங்கே சொல்ல எடுத்துக்கொண்ட அதிசயம் ஒரு காடு. எப்பிங் காடு என்பது அதன் பெயர். அதற்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. மதிலும் இல்லை, பூட்டும் இல்லை. ராஜாக்கள் வேட்டையாடிய அந்த வனத்தில் இன்று எவரும் காலாற நடந்துவிட்டு வரலாம். அந்தப் பாக்கியம் ஜனங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்ற வரலாறு, காட்டின் அழகைக் காட்டிலும் நம் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது.

லிவர்பூல் தெரு ஸ்டேஷனில் ரயில் ஏறி, அரை மணி நேரத்தில் சிங்ஃபோர்டில் இறங்கினோம். ஐப்பசி மாதம், குளிர் இன்னும் கடுமையாகவில்லை. ஊரை ஒட்டிய மேட்டில் மரச் சட்டங்களால் கட்டிய ஒரு பழைய மாளிகை நிற்கிறது. எட்டாம் ஹென்றி மன்னன் 1543-ல் வேட்டையைப் பார்த்துக் களிப்பதற்காகக் கட்டியது. ஆனால் அவன் மகள் எலிஸபெத் ராணியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதைத் தாண்டி வடக்கே நடந்தால் காடு. ஏறக்குறைய 6,000 ஏக்கர் பரப்பு. நீளம் சுமார் 12 மைல். அகலம் மிகக் குறைவு. லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து எஸெக்ஸ் மாவட்டத்துக்குள் ஒரு பச்சை அங்கவஸ்திரத்தை நீட்டிப் போட்டாற்போல் அது கிடக்கிறது.

நம் நாட்டு வனங்களை எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு அங்கே புலியும் இல்லை, யானையும் இல்லை. பீச் மரங்களின் இலைகள் தாமிரத் தகடுகளைப் போல் நிறம் மாறி உதிர்ந்துகொண்டிருந்தன. காலடியில் அவை சலசலத்த ஓசையைத் தவிர வேறு சப்தமே இல்லை. நம்மை வியக்க வைத்தது மரங்களின் உருவம். ஆள் உயரத்துக்குமேல் வரையில் முடிச்சும் முண்டுமாகத் திரண்ட ஒற்றை அடிமரம். அதன் தலையிலிருந்து ஒரே இடத்தில் பல பெருங்கிளைகள் கிளம்பி வானத்தை நோக்கி ஓடுகின்றன. ஆட்டுக்குத் தழை வேண்டி ஆண்டுதோறும் கிளை கழித்த பூவரசையும் வேம்பையும் நம் கிராமங்களில் பார்த்தவர்களுக்கு, இந்த மரங்கள் மனிதன் கை பட்டவை என்று சொல்லாமலே விளங்கும். இப்படிப்பட்ட முதிய மரங்கள் இங்கே 50,000-க்கு மேல் இருக்கின்றன.

அந்தக் கை யாருடையது? ஏழைக் கிராமவாசியின் கை. பழைய நாளில் இந்தக் காட்டில் மூவருக்குப் பாத்தியதை இருந்தது. மான்கள் அரசனுடையவை. மண் ஜமீன்தார்களுடையது. ஆடு மாடு மேய்ப்பதும், லௌடன் முதலிய சில ஊர்களில் குளிர்காலத்தில் கிளை வெட்டி விறகு சேர்ப்பதும் குடிமக்களின் உரிமை. நவம்பர் 11-ஆம் தேதி நள்ளிரவில் கோடரியை எடுக்கலாம். ஏப்ரல் 23-ஆம் தேதிக்குப் பிறகு கூடாது. மானும் மாடும் எட்டிக் கடிக்காத உயரத்தில் வெட்டினால் மரம் மறுபடி தழைக்கும். விறகும் கிடைத்தது, மரமும் பிழைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் பெருத்தது. நிலத்தின் விலை ஏறிற்று. அண்டையிலிருந்த ஹெயினால்ட் வனத்தை 1851-ல் பார்லிமெண்டுச் சட்டம் ஒன்று காடு என்ற பட்டியலிலிருந்தே நீக்க, மரங்களை வெட்டி வீழ்த்தி அதன் பெரும்பகுதியை விளைநிலமாக்கிவிட்டார்கள். எப்பிங் காட்டின் ஜமீன்தார்களும் துண்டு துண்டாக வேலி போடத் தொடங்கினார்கள். லௌடனில் ஜமீன்தாராக இருந்தவர் அந்த ஊர்ப் பாதிரியாரே! அவர் அடைத்த வேலியைத் தாமஸ் வில்லிங்கேல் என்ற கிழவர் மதிக்கவில்லை. வழக்கம்போல் கோடரியுடன் உள்ளே சென்று கிளை வெட்டினார். 1866-ல் அவர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். முந்திய ஆண்டிலேதான் பொது நிலங்களைக் காப்பதற்கென்று லண்டனில் ஒரு சங்கம் தோன்றியிருந்தது. அதன் உதவியோடு வில்லிங்கேல் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பைக் காணாமலே 1870-ல் அவர் காலமாகிவிட்டார். வழக்கும் அவரோடு முடிந்தது.

ஆனால் கிளர்ச்சி முடியவில்லை. காட்டின் தென்கோடியில் வான்ஸ்டெட் வெளி என்ற புல்வெளி இருக்கிறது. இன்று நம் தமிழர்கள் பலர் குடியிருக்கும் மேனர் பார்க், ஈஸ்ட்ஹாம் பகுதிகளுக்குப் பக்கத்திலே உள்ளது அது. 1871-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அதே ஆண்டில் லண்டன் ஸிட்டி கார்ப்பரேஷன் ஜமீன்தார்கள்மீது வழக்குப் போட்டது. கார்ப்பரேஷனுக்குக் காட்டிலே என்ன பாத்தியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நகரத்து மயானத்துக்காக அவர்கள் காட்டை ஒட்டி நிலம் வாங்கியிருந்தார்கள். அந்த நிலத்தோடு மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்து வந்திருந்தது. சுடுகாட்டுச் சொந்தக்காரர்கள் மேய்ச்சல் உரிமை கொண்டாடி உயிருள்ள ஒரு காட்டை மீட்டார்கள்! 1874-ல், 1851-க்குப் பிறகு போட்ட வேலிகள் செல்லா என்று தீர்ப்பாயிற்று. 1878-ல் எப்பிங் வனச் சட்டம் பிறந்தது. காட்டை அடைக்கவும் கட்டடம் எழுப்பவும் கூடாது, ஜனங்களின் உல்லாசத்துக்காக அதன் இயற்கைத் தோற்றத்தைக் காக்க வேண்டும் என்று அது விதித்து, பொறுப்பைக் கார்ப்பரேஷனிடம் ஒப்படைத்தது. 1882-ம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி விக்டோரியா மகாராணி நேரில் வந்து, இக்காடு எக்காலமும் மக்களுக்கே உரியது என்று அறிவித்தாள்.

இதில் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நகரவாசிக்கு உலாவ இடம் கிடைத்தபோது, கிராமத்து ஏழையின் விறகுக் கட்டு போயிற்று. கிளை வெட்டும் உரிமையை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டார்கள். அந்த நஷ்டஈட்டுப் பணத்தில் லௌடன் ஊராருக்கு 1884-ல் ஒரு மண்டபம் எழுந்தது. 'கிளை வெட்டு மண்டபம்' என்று பொருள்படும் பெயரோடு அது இன்றும் இருக்கிறது. மரங்களுக்கும் இது முழு நன்மையாக முடியவில்லை. வெட்டாமல் விட்ட கிளைகள் பாரமாகி அடிமரத்தைப் பிளக்கின்றன. நிழல் அடர்ந்து கீழே சிறு செடிகள் நலிகின்றன. ஆகவே பல இடங்களில் இப்போது மறுபடியும் கிளை கழிக்கிறார்கள். நீண்ட கொம்புடைய மாடுகளை மறுபடியும் மேய விடுகிறார்கள். வில்லிங்கேலின் கோடரி காட்டுக்குப் பகையன்று என்பதை ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது.

காட்டுக்குள் ஓர் ஓக் மரத்தின் வேரில் அமர்ந்து இந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தபோது நமக்கு ஒரு திடுக்கீடு உண்டாயிற்று. 1878, 1882. இவை நம் தேசத்து வன சரித்திரத்திலும் மறக்கத்தகாத ஆண்டுகள் அல்லவா? 1878-ல்தான் இந்திய வனச் சட்டம் பிறந்தது. சர்க்கார் 'ரிஸர்வ்' என்று குறித்த காட்டில் மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும், அநுமதி இல்லையேல் குற்றமாயின. சென்னை ராஜதானியின் ரெவினியூ போர்டார், காட்டில் கிராமத்தார் அநுபவிப்பது சலுகையன்று, உரிமையே என்று ஆட்சேபித்தார்கள். ஆயினும் 1882-ல் சென்னைக்கென்று தனி வனச் சட்டம் வந்தேவிட்டது. மகாராணி எப்பிங் காட்டில் நின்று காடு மக்களுடையது என்று சொன்ன அதே ஆண்டு! அவளே 1877 முதல் நமக்குச் சக்கரவர்த்தினி. ஒரே கிரீடத்தின் கீழ் ஓரிடத்தில் வேலி விழுந்தது. மற்றோரிடத்தில் வேலி எழுந்தது.

காரணம் தெளிவானது. இங்கிலாந்தின் குடிமகனுக்குச் சட்டசபையில் பேச ஆள் இருந்தது, நமக்கு இல்லை. அந்த வேலியைத் தொட நமக்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1930-ல் உப்பு ஸத்தியாக்கிரகத்தின் தொடர்ச்சியாக மத்திய மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் ஜனங்கள் ரிஸர்வ் காடுகளுக்குள் புகுந்து புல் அறுத்துச் சிறை சென்றார்கள். வில்லிங்கேலின் கோடரிக்கு அந்தப் புல்லரிவாள் உடன்பிறப்பு என்று சொல்லலாம். சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு 2006-ல்தான் வனவாசிகளின் உரிமையை அங்கீகரிக்கும் சட்டம் செய்து, அவர்களுக்கு இழைக்கப்பட்டது சரித்திர அநீதி என்று அதன் முகவுரையிலேயே எழுதியது.

எப்பிங்கில் நாம் கற்ற பாடம் இதுதான்: பொதுச் சொத்தைக் காத்தவை இரண்டு. தன் உரிமையை விடாமல் அநுபவித்து வந்த ஒரு கிழவரின் பிடிவாதம் ஒன்று. மேய்ச்சல் உரிமையைச் சொல்லும் ஒரு பழைய பத்திரம் மற்றொன்று. நம் ஊர்களிலும் மேய்க்கால் புறம்போக்கு உண்டு. ஏரிக்கரைத் தோப்பு உண்டு. ஐயனார் கோயில் காடு உண்டு. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் குடும்பத்தார், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு மாலை அவற்றைச் சுற்றி வரட்டும். எது எதுவரை பொது என்று பெரியவர்களைக் கேட்டு, கிராமக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். வேலி போட வருகிறவனுக்கு முன்னால் அந்த நோட்டுப் புத்தகம் தயாராக இருக்க வேண்டும்.