தரங்கம்பாடிக்கு ஒரு பயணத் திட்டம்

டென்மார்க்கின் சிறு நகரம் ஒன்றை இலக்கியத்தின் பொருட்டுக் காண விழைவோர் ஓடென்சேயைத்தான் நாடுவர். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1805இல் பிறந்த ஊர் அது. ஆம்பூரில் அமர்ந்துகொண்டு நாங்கள் திட்டமிடும் டேனிய நகரம் ஓரிரவு வேன் பயணத்தில் எட்டக்கூடியது. ஆண்டர்சனின் தேவதைக் கதைகள் முதன்முதலாக வெளிவந்த 1835இல் அவருடைய மன்னரே தரங்கம்பாடிக்கும் மன்னர். 1845இல்தான் அவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

தமிழின் முதல் அச்சுநூல் தரங்கம்பாடியில் பிறந்தது என்று மாணவர்கள் தேர்வுதோறும் எழுதுகிறார்கள். அதற்கு நெடுங்காலம் முன்பே, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, ஏடுகளைத் தேடித் திரட்டி, 1708இல் அவற்றுக்கு ஓர் அட்டவணையே எழுதினார். திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் உண்டு. அதே ஆண்டின் இறுதியில் டேனிய ஆளுநரே அவரைக் கோட்டையில் சிறை வைத்தார், நான்கு மாதங்கள். பின்னர் அச்சுக்கூடம் வந்தது. ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பருத்திருந்தன, காகிதமோ அரிது. எனவே இங்கேயே சிற்றெழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர்.

இவரை மாணவர்க்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது என்பதில் எங்களுக்குள் வழக்குண்டு. மதமாற்றமே நோக்கம், தமிழ் வெறும் கருவி என்பார் ஒரு சாரார். நோக்கம் அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூலை ஹாலேயில் இருந்தவர்கள் அச்சிட மறுத்தார்கள். அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. வெறும் கருவியைக் கையாண்டவனுக்குச் சொந்தச் சபையிலிருந்து இந்தத் தண்டனை நேராது என்பது எங்கள் எண்ணம்.

நிற்க. பார்க்க என்ன இருக்கிறது? 1620இல் எழுந்த டான்ஸ்பர்க் கோட்டை. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் அதனுள் அவர் கல்லறையும். கடல் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயில். இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்குத் தமிழில் எழுதிய பொன்னோலை கோபன்ஹேகனில் இருக்கிறது. அதனைப் படத்தில்தான் காட்ட வேண்டும்.

மாணவியர் பலரின் தாய்மார் காலணித் தொழிற்சாலைகளில் மேல்தோல் தைப்பவர்கள். வெளியூரில் இரவு தங்கப் பெண்ணை அனுப்ப இசையார். ஆகவே தங்கலே இல்லை: சனி இரவு புறப்பாடு, திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், சீர்காழி வழி, ஞாயிறு மாலை திரும்பல். தாய்மாரும் வரட்டும் என்று ஒரு மாணவியே சொன்னாள். செலவு ஏறத்தாழ இருமடங்கு, ஆயினும் ஒப்புக்கொண்டோம். ஈய அச்செழுத்தின் நுணுக்கத்தை எங்களினும் விரைவாக அறியக்கூடியவர்கள், நாள்முழுதும் ஊசிமுனையைப் பார்த்திருக்கும் அவர்கள்தாமே!

ஒரு தாய்க்கு மட்டும் ஏற்றுமதிச் சரக்கு போகும்வரை ஞாயிறும் வேலையாம். பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறோம்.