இரண்டாவது தோட்டா

சாணக்யபுரியில் தெருக்களுக்கெல்லாம் அறத்தின் பெயர்கள். சத்ய மார்க், நியாய மார்க், நீதி மார்க், விநய மார்க். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்து தங்கிய முதல் வாரத்தில், இந்தப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுச் சுபேதார் சிரித்தார். "ஆபீசர்கள் வழி தவறிப் போய்விடக் கூடாதென்று எழுதி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது."

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1970-ல் ராணுவத்தில் சேர்ந்தார். இயந்திரங்களையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவுக்காகச் செகந்திராபாதில் பயிற்சி பெற்று, 28 வருடங்கள் ஆர்மரராக இருந்தார். அதாவது துப்பாக்கி வைத்தியர். அவர் சுட்டது குறைவு. மற்றவர்கள் சுடும்போது அது சுட வேண்டும் என்பதுதான் அவருடைய வேலை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பெயர் சுபேதார்தான். மிக்சி ஓடாவிட்டாலும் சைக்கிள் செயின் கழன்றாலும் அவரிடம் வருவார்கள். ஒரு ஜனவரி மாதக் காலையில் கீழ்வீட்டுப் பெண் ஒரு நீளமான பெட்டியோடு வந்து நின்றாள்.

"தாத்தா, புதுத் துப்பாக்கி. பாதி நேரம் சுட மாட்டேன் என்கிறது."

அவளுக்கு 22 வயது. அப்பா திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு அதிகாரி. துக்ளகாபாத்தில், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளின்போது எழுந்த கர்ணி சிங் சுடுதளத்தில் ஸ்கீட் பயிற்சி எடுக்கிறாள். பறந்து செல்லும் களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் விளையாட்டு அது. தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர்தான். சில இடங்களில் இரண்டு தட்டுகள் எதிரெதிர்த் திசையில் ஒரே சமயம் பறக்கும். முதல் தட்டை உடைத்த கையோடு இரண்டாவதை உடைக்க வேண்டும். இதில் ஒரு தட்டின் விலை என்ன என்பது பாரிசில் தெரிந்தது. 2024 ஒலிம்பிக்கின் ஸ்கீட் கலப்பு அணிப் போட்டியில் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் சீன ஜோடியிடம் 43-44 என்று ஒரே புள்ளியில் வெண்கலத்தைக் கோட்டைவிட்டார்கள்.

பெண்ணின் துப்பாக்கி பன்னிரண்டு போர், செமி ஆட்டோமேட்டிக். பெரும்பாலான ஸ்கீட் வீரர்கள் இரட்டைக் குழல் துப்பாக்கிதான் வைத்துக்கொள்கிறார்கள். அவளுக்குத் தோளில் பழைய வலி. செமி ஆட்டோமேட்டிக் தோளில் குறைவாக உதைக்கும் என்று, உரிமத்துக்கும் அனுமதிக்கும் மாதக்கணக்கில் அலைந்து வாங்கியது. முதல் தோட்டா ஒழுங்காக வெடிக்கிறது. பல சமயம் இரண்டாவது தோட்டா உள்ளே ஏறுவதே இல்லை. பத்து நாளில் தேர்வுப் போட்டி.

சுபேதார் பெட்டியைத் திறந்தார். தோட்டா இல்லை என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணால் ஒரு முறை, விரலை விட்டு ஒரு முறை தாமே பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இவ்வகைத் துப்பாக்கியின் சூட்சுமம் எளிமையானது. தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு சிறு பங்கு, குழலில் உள்ள நுண்துளைகள் வழியே கீழே இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலிக் கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங் போல்ட்டை மறுபடி முன்னுக்குக் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா உள்ளே போகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். இதில் எங்கே சங்கிலி அறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

"எண்ணெய் போட்டால் சரியாகிவிடுமா, தாத்தா?"

"போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், பாப்பா."

ஆலையிலிருந்து வரும்போது துரு ஏறாமலிருக்கப் பூசிய கெட்டியான பசை அப்படியே இருந்தது. தில்லி ஜனவரிக் குளிரில் அது இன்னும் இறுகியிருந்தது. பாகங்களைப் பிரித்து, பசையைத் துடைத்தெடுத்து, மெல்லிய எண்ணெயை ஒரு துளி தொட்டுத் தடவினார். மறுநாள் அவளோடு சுடுதளத்துக்கே போனார், பள்ளிக்கூட நோட்டு ஒன்றோடு. கொஞ்சம் தேவலை, ஆனால் குணமாகவில்லை.

அடுத்து தோட்டாவைச் சந்தேகித்தார். ஸ்கீட் தோட்டாவில் 24 கிராம் ஈயக் குண்டுகள்தான். வேட்டைக்கென்று வடிவமைத்த பல செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்கு அவ்வளவு லேசான தோட்டாவின் வாயு போதாது. அப்படியானால் அது துப்பாக்கியின் குறை அல்ல, பொருத்தத்தின் குறை. 24 கிராமில் இருபத்தைந்து முறை, 28 கிராமில் இருபத்தைந்து முறை, வேறு கம்பெனித் தோட்டாவில் இருபத்தைந்து முறை. ஒவ்வொன்றையும் எழுதினார்: எத்தனையாவது முறை, ஏறியதா இல்லையா, காலிக் கூடு எங்கே விழுந்தது. கனமான தோட்டாவிலும் தொல்லை நிற்கவில்லை. நன்றாக வேலை செய்யும் துப்பாக்கி காலிக் கூட்டை நாலைந்து அடி தள்ளி எறியும். இது அவள் காலடியிலேயே சோம்பலாகப் போட்டது. காலிக் கூட்டின் பித்தளை விளிம்பில் கீறலோ கிழிசலோ இல்லை. ஆகவே கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியில் பிழையில்லை. வேகம்தான் போதவில்லை.

அன்று மாலை இருவரும் சாந்திபத்தில் நடந்தார்கள். பெல்ஜியம் தூதரகம் வந்ததும் சுபேதார் நின்றார். சதீஷ் குஜ்ரால் வடிவமைத்த செங்கல் கட்டடம். அவர் நின்றது கட்டடத்துக்காக அல்ல.

"உன் துப்பாக்கியின் பாட்டன் இந்த நாட்டில்தான் பிறந்தான்."

வெற்றிகரமான முதல் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னை உருவாக்கியவர் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர். வின்செஸ்டர் கம்பெனியோடு ஒத்துப்போகாமல், 1902 ஜனவரியில் ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தார். அந்த நேரத்தில் தலைவர் மாரடைப்பால் இறந்துபோன செய்தி வந்தது. பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியத்துக்குப் போய், லீஜ் அருகேயுள்ள எஃப்.என். ஆலையில் அதைத் தயாரிக்க வைத்தார். அந்தத் துப்பாக்கியில் உராய்வு வளையங்கள் உண்டு. கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி அவற்றை மாற்றி வைக்க வேண்டும். மாற்றாமல் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திட்டியவர்கள் ஏராளம். அது சுடுகிறவர் குறை.

வின்செஸ்டர் 1911-ல் போட்டிக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. போல்ட்டை இழுக்கும் கைப்பிடிக்கு பிரௌனிங் காப்புரிமை வைத்திருந்ததால், குழலையே பிடித்துப் பின்னுக்குத் தள்ளும்படி அமைத்தார்கள். தோட்டா சிக்கிக்கொண்டால், சிலர் கட்டையைத் தரையில் ஊன்றி, வாயைத் தம் பக்கம் வைத்துக் குழலை அமுக்கினார்கள். அது வெடித்தது. 'விதவையாக்கி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அது வரைபடத்திலேயே உள்ள குறை.

"மூன்றாவது ஒன்று இருக்கிறது" என்றார் சுபேதார். "வரைபடம் சரி, சுடுகிறவரும் சரி, செய்த கை தவறிவிட்டது. மூன்றில் எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது."

அந்த வித்தியாசம் தெளிவாகாததால் வந்த சண்டைகளை அவர் தம் துறையிலேயே அறிவார். அவர் ஓய்வு பெற்ற மறுவருடம், 1999-ல், கார்கில் போர். கடுங்குளிரில் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டிகளில் விரிசல் விடுவதாகப் புகார்கள் வந்தன. 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காளிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகளுடன் நடந்த மோதலில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தபோது, இன்சாஸ் சரியாக இயங்கவில்லை என்றது நேபாள ராணுவம். பயன்படுத்திய விதத்தில் கோளாறு இருக்கலாம் என்றது இந்தியத் தரப்பு. ஊரில் டி.வி. முன்னால் உட்கார்ந்து கார்கில் செய்திகளைக் கேட்ட நாட்களில் சுபேதார் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அவர் மகள் இன்றும் சொல்வாள்.

மறுநாள் குழலை மட்டும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாயு இறங்க இரண்டு துளைகள். மெல்லிய கம்பியை விட்டார். ஒன்றில் சுலபமாகப் போயிற்று. இன்னொன்றில் பாதியில் முட்டி நின்றது. டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், துளைக்கும் ஊசி மறுபக்கம் முழுதாக வரவேயில்லை. ஓரத்தில் ஒரு பிசிறு மட்டும் தெரிந்தது. ஆலையில் யாரோ ஒருவர், ஒரு கணம், கவனிக்கவில்லை.

பெண் துள்ளிக் குதித்தாள். அவள் அப்பாவும் மேலே வந்துவிட்டார். "ஒரு சின்னத் துளைதானே, ஐயா? நீங்களே போட்டுவிடுங்களேன். உங்கள் கைக்கு ஐந்து நிமிட வேலை."

"ஐந்து நிமிடம்கூட ஆகாது, சார். ஆனால் செய்ய மாட்டேன்."

காரணங்கள் சொன்னார். உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அடுத்தது, குழலின் மேலிருந்த சின்ன முத்திரை. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்த பிறகே குழலுக்கு இந்த முத்திரை விழும். லண்டனில் 1637 முதலும் லீஜில் 1672 முதலும் உள்ள பழக்கம். குழல் வெடித்துச் சிதறாது என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது தோட்டா ஏறுமா என்பதற்கு அது சாட்சியல்ல. முத்திரை விழுந்த குழலில் வீட்டில் வைத்துத் துளை போட்டால், இருக்கிற அந்தச் சாட்சியும் போய்விடும்.

"சட்டமெல்லாம் சரி, தாத்தா. பத்து நாளில் எனக்குப் போட்டி." அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒரு வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தேன்?"

சுபேதார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

எந்த ஆயுதம், எந்த ஆலை என்று அவர் சொல்வதில்லை. எண்பதுகளில் ஒரு சமயம், புதிதாக வந்த ஆயுதங்களில் ஒன்றில் ஒரு பாகம் உரசிச் சிக்கியது. ஒரு பிசிறுதான். அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார், சரியாகிவிட்டது. அதிகாரி முதுகில் தட்டினார். குறைபாட்டு அறிக்கை எழுத வேண்டும். எழுதினால் படிவம், ஆய்வு, கேள்விகள். எழுதவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வேறொரு படைப்பிரிவின் ஆர்மரர் பேச்சுவாக்கில் சொன்னார்: அதே ஆயுதம், அதே இடத்தில் சிக்கியதாம், ரோந்துக்குப் போன ஒரு பையனின் கையில். பையன் பிழைத்துக்கொண்டான், வலது கை போய்விட்டது.

"என் கையில் இருந்த ஒன்றைச் சரிசெய்தேன். மற்றவற்றில் குறை இருக்கிறது என்று தெரியாமல் செய்தவனும் நான்தான். நன்றாக வேலை தெரிந்தவன் கையில் ஆலையின் தவறு மறைந்து போய்விடும், பாப்பா. அடுத்தவனிடம் போய்தான் மறுபடி முளைக்கும்."

பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு பேசாமல் கீழே போனாள். மூன்று நாட்கள் மேலே வரவில்லை.

சுபேதார் கடிதம் எழுதினார். துப்பாக்கியின் எண், வாங்கிய தேதி, தோட்டா வகை, எழுபத்தைந்து முறை சுட்ட குறிப்பு, துளையின் புகைப்படம். தயாரிப்புக் குறைபாட்டுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதை ஒரு வரியில் நினைவுபடுத்தினார். பெண்ணின் அப்பா கையெழுத்துக்காக அதை அவளிடம் காட்டினார். அவள் போட்டாள். ஆயுதம் விற்ற கடைக்காரர் தொலைபேசியில், "புதுசுதானே, ஐந்நூறு தோட்டா சுட்டால் தானாகப் பழகிவிடும்" என்றார். கடிதத்தின் நகலையும் படத்தையும் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

தேர்வுப் போட்டியில் அவள் சுடுதளத்துத் தோழி ஒருத்தியின் இரட்டைக் குழல் துப்பாக்கியால் சுட்டாள். தோள் வலித்தது. தேர்வாகவில்லை. அன்றிரவு அவள் அம்மா மேலே வந்து, "நீங்கள் அந்தத் துளையைப் போட்டிருந்தால்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டாள். சுபேதார் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவரிடம் பதில் இருக்கவில்லை.

ஏப்ரலில் புதுக் குழல் வந்தது. துளைகள் இரண்டும் சுத்தமாக இருந்தன. சுடுதளத்தில் முதல் காலிக் கூடு நாலைந்து அடி தள்ளிப் போய் விழுந்தது. இரண்டாவது தோட்டா ஏறியது, இரண்டாவது தட்டும் உடைந்தது. அன்று மாலை அவள் படியேறி வந்து, குழலோடு வந்த காகிதத்தை நீட்டினாள். வருந்துகிறோம், மாற்றித் தந்திருக்கிறோம், நன்றி. அவ்வளவுதான்.

சுபேதார் அதை இரண்டு முறை படித்தார். "இதே நாளில் இதே இயந்திரத்தில் துளைத்த மற்றக் குழல்கள் என்னவாயின என்று எழுதவில்லையே."

"அதைத்தான் நானும் கேட்க வந்தேன், தாத்தா" என்றாள் அவள். கையில் பேனாவும் அந்தப் பள்ளிக்கூட நோட்டும் இருந்தன. "கடிதத்தை எப்படி ஆரம்பிக்க வேண்டும்?"