சுண்டுவிரல் வரைக்கும்

ஜனவரி 17

சங்கராந்திக்கு எள்ளு-பெல்லம் கொண்டுவந்த எதிர்வீட்டுப் பெண், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "இன்னுமா ஆன்ட்டி நோவுது? எக்ஸ்ரேயில எலும்பு கூடிடுச்சுன்னீங்களே" என்றாள். எலும்பு கூடியது உண்மை. குதிகாலில் பிளேட்டும் ஸ்க்ரூவும் சரியாக உட்கார்ந்திருக்கின்றன, தையல் போட்ட இடம் வெள்ளைக் கோடாகிவிட்டது. ஆனால் வெளிக்கணுக்காலுக்குப் பின்னாலிருந்து சுண்டுவிரல் வரை ஒரு கீற்று மட்டும் எரிகிறது. அடிபட்டபோது இருந்த வலி வேறு. இது காந்தல், நடுவில் சுளீரென்று கரண்ட் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு.

போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. மைசூரின் தைக் குளிரில் போர்த்தாமலும் முடியாது. கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் வைத்து, காலை அதற்குள் விட்டு, மேலே போர்வையைப் போட்டுக்கொள்கிறேன்.

கட்டுப் போட்டிருந்தவரை எல்லோரும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். கட்டு பிரித்ததும் வலியும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்கள். வலியைவிட இதுதான் என்னைத் தளர்த்துகிறது.

பிப்ரவரி 6

இன்று டாக்டர் நிறைய நேரம் கொடுத்தார். சூரல் என்ற தோல் நரம்பு, கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி வெளிக்கணுக்காலைச் சுற்றிச் சுண்டுவிரல் பக்கம் போகிறது. குதிகால் எலும்பைச் சேர்க்க வெளிப்பக்கமாகக் கீறினால் அதன் வழியை ஒட்டித்தான் போயாக வேண்டும். இழுபட்டாலும் தழும்பில் சிக்கினாலும் அது வலிக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். "கற்பனை இல்லம்மா, நிஜமான வலிதான்" என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கணுக்காலிலிருந்து விரலை நோக்கி நுனிவிரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சுர்ரென்று பொறி பறந்தது. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கணுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொண்டார். முதல் உலகப் போரில் நரம்பு அடிபட்ட வீரர்களைப் பார்த்து ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915இல் எழுதி வைத்த சோதனையாம் இது. நரம்பு வளர வளர, பொறி பறக்கும் இடம் விரலை நோக்கி நகரும். நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கணுவிலிருந்து விரல் நுனிக்கு மாதக்கணக்கு ஆகும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். யாராவது இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி நிம்மதியாக இருந்திருப்பேன்.

வழக்கமான வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. ப்ரீகாபாலின் எழுதிக் கொடுத்தார், சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். "அது ஃபிட்ஸுக்குக் குடுக்கிறதாச்சே" என்று கோயம்புத்தூர் அண்ணா போனில் பதறினார். வலிப்புக்கு வந்த மருந்துதான், அடங்காமல் துடிக்கிற நரம்பை இங்கேயும் அமர்த்துகிறது. காலையில் தலை கனக்கிறது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதில்லை.

மார்ச் 12

பிசியோதெரபிஸ்ட் பெண் "ஸ்வல்ப ஸ்வல்ப அம்மா" என்று சொல்லிச் சொல்லியே வேலை வாங்குகிறாள். காலைப் பொத்திப் பொத்தி வைத்தால், தொடுவதெல்லாம் ஆபத்து என்று மூளை பழகிவிடுமாம். அதனால் தொட்டுத் தொட்டே பழக்க வேண்டும். வீட்டில் இருப்பதிலேயே மெல்லிய துணி எது என்று கேட்டாள். என் கல்யாணத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்த மைசூர் சில்க் இருந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912இல் தொடங்கிய நெசவாலையின் புடவை. ஜரிகை படாமல் உடல் பகுதியை மடித்து, நல்ல தோல் இருக்கும் கெண்டைக்காலில் தொடங்கி, கீழே எரிகிற இடத்துக்கு இழுத்து வருகிறேன். வழுக்கிக்கொண்டு வரும் பட்டு, எல்லை தாண்டியதும் முள்ளாகிவிடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்: பட்டுதான், முள் இல்லை.

பட்டு தாங்கிய பிறகு வாயில் துணி, அப்புறம் டர்க்கி டவல். இந்த வாரம் ராகி. அகலமான பேசினில் ராகியைக் கொட்டிப் பாதத்தை உள்ளே விட்டால், குளுகுளுவென்று விரலிடுக்கெல்லாம் நிறைகிறது. மற்ற நான்கு விரல்களுக்கும் அது சுகம். சுண்டுவிரலுக்கு ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிகிறது.

ஏப்ரல் 20

எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வந்தேன். சர்க்கரை நோயாளிகளுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் ஊரெல்லாம் விற்கும் இந்த மெத்து ரப்பர் செருப்புக்குப் பின்னால் வேலூர் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவது சதை கெட்டதால் இல்லை, நரம்பு மரத்து வலி தெரியாததால்தான் என்று கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர். ஆணி ஏறினாலும் தெரியாமல் நடந்து நடந்து புண்ணாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் அவரும் கூட இருந்தவர்களும் என்னென்னவோ செய்து பார்த்து இந்த ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கிலாந்தில் ஒரு நீண்ட ரயில் பயணம் முடிந்த இரவு, பிராண்ட் தன் குதிகாலைத் தொட்டபோது உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தும் தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று விடிய விடியத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது. ரயிலில் உட்கார்ந்த விதத்தில் நரம்பு அமுங்கியிருந்திருக்கிறது. வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். பிற்காலத்தில் வலியை யாரும் விரும்பாத பரிசு என்று புத்தகமே எழுதினார்.

அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் என்னுடையதைப் பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் சொன்ன வலி காயத்தைக் காட்டிக் கொடுக்கும். காயம் ஆறிய பிறகும் எரிகிற இந்த வலிக்குக் காட்ட எதுவும் இல்லை. ஆனாலும் அவருடைய நோயாளிகளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். ராத்திரி படுக்கும் முன் பாதத்தை விளக்கடியில் வைத்து, சிவப்பு, கொப்புளம், வீக்கம் உண்டா என்று கண்ணால் பார்க்கிறேன். எதுவும் இல்லையென்றால், எரிந்தாலும் நடக்கலாம்.

மே 28

பீரோக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு காலுக்கும் நடுவே நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், துண்டித்த கை வலிக்கிறது என்றவர்களுக்கு 1990களில் கண்டுபிடித்த வழி. எனக்கு அவ்வளவாகப் பலன் தெரியவில்லை. பலருக்குத் தெரிகிறதாம்.

ஜூலை 9

பொறி பறக்கும் இடம் சுண்டுவிரலின் அடிவரை வந்துவிட்டது. மாத்திரையைக் குறைக்கத் தொடங்கலாம் என்றார் டாக்டர், படிப்படியாக. குக்கரஹள்ளி ஏரிக்கரை மண்பாதையில் முதல் பெஞ்சு வரை போய் உட்கார்ந்து, திரும்பி வந்தேன். மழைக்குளிர் இருந்தால் இன்னும் காந்துகிறது.

சாயங்காலம் சேலத்திலிருந்து சித்தி பெண் கூப்பிட்டாள். பெருவிரல் பக்கத்து எலும்புக்கு ஆபரேஷன் ஆனவள். "அக்கா, எல்லாம் ஆறிடுச்சு, ஆனா செருப்புப் பட்டி பட்டா எரியுது. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு சொல்லவே இல்ல" என்று அழுதாள். நான் நம்புகிறேன் என்றேன். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டாக்டரிடம் விரலால் காட்டு. பாதம் வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, ஒரு கால் சூடாகவும் மறு கால் சில்லென்றும் இருந்தாலோ அன்றைக்கே போ. நரம்பு மாத்திரை கொடுத்தால் நீயாக நிறுத்தாதே. பி12 பார்க்கச் சொல், நாம் சைவம்.

பக்கத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு படி கேழ்வரகு வாங்கிக் கல் பொறுக்கி வை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.